சிறார் நூலகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

நூலகர் (இழை தொடக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நூலகத்தின் சிறார் பகுதியில் ஒரு சின்ன இன்குபேட்டர் வைத்து, முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வருவதைக் குழந்தைகள் நேரில் பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. எனக்கு இதில் ரொம்ப ஆசை. பள்ளியில் செய்தால் ஒரு வகுப்புப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். நூலகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தாத்தா கையைப் பிடித்து வரும் குழந்தையும், அக்கா தூக்கி வரும் தம்பியும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் திருப்பிக் கொடுக்கிற கால அளவுக்குள் ஒரு உயிர் உருவாகி முடிவதை வேறெங்கே காட்ட முடியும்?

ஆனால் கோழி வளர்த்த அனுபவம் எங்களில் யாருக்கும் இல்லை. கருவியை எங்கே வைப்பது, குழந்தைகளைத் தொட விடலாமா, பொரிந்த பிறகு குஞ்சுகளை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். "வேண்டாம்" என்பதுதான் பதில் என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

கோழி வளர்ப்பவர்

நல்ல யோசனை மேடம். முதலில் வேலை எப்படி என்று சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

கடையில் வாங்கும் முட்டை பொரியாது. முட்டைக்காக வளர்க்கும் பண்ணைகளில் சேவலே இருக்காது. சேவல் மிதித்த முட்டைதான் வேண்டும், அதுவும் இட்டு 7 நாளுக்குள் இருந்தால் நல்லது. கழுவாத முட்டையாக வாங்குங்கள். ஓட்டின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு, அதுதான் கிருமியைத் தடுக்கிறது. வெள்ளை ஓடு உள்ள முட்டை கிடைத்தால் அதையே எடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது பழுப்பு முட்டையைவிட உள்ளே தெளிவாகத் தெரியும்.

உள்ளே மின்விசிறி உள்ள இன்குபேட்டர் என்றால் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். அதனால் முட்டையின் உச்சி மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி பக்கம் வைப்பார்கள். நீங்கள் விசிறி உள்ளதையே வாங்குங்கள். கருவியின் திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானியும் வையுங்கள். முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே வெறும் பெட்டியை ஓட விட்டு, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். குளிர்ந்தால் கரு கொஞ்ச நேரம் தாங்கும், சூடு ஏறினால் தாங்காது. மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோனால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு வையுங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும். சன்னல் வெயில் பெட்டி மேல் விழுந்தால்தான் ஆபத்து. அதனால் சன்னல் ஓரமும் வேண்டாம், ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65க்கு மேல். முட்டையை ஒரு நாளைக்குக் குறைந்தது 3 முறை புரட்டிவிட வேண்டும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது தானாகவே புரட்டும் கருவிகள் வந்துவிட்டன. நூலகம் பூட்டியிருக்கும் இரவுகளுக்கு அது அவசியம். 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி மூடியை மூடினால், பொரிந்து முடியும் வரை திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் போய்விட்டால் சவ்வு காய்ந்து, குஞ்சு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஒரு சின்ன வசதியும் இருக்கிறது. 21 நாள் என்பது சரியாக 3 வாரம். எந்தக் கிழமை வைக்கிறீர்களோ அதே கிழமைதான் பொரியும். ஒன்றிரண்டு முந்தும், ஒன்றிரண்டு பிந்தும். விடுமுறை நாளுக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். வார நடுவில் வைத்தால் பொரியும்போது நூலகம் திறந்திருக்கும்.

உயிர்நேயர்

நான் "வேண்டாம்" பக்கம். கோபமாக எழுதவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மேலே நண்பர் வெப்பம் முதல் கிழமை வரை எல்லாம் சொல்லிவிட்டார். 22ஆம் நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. பொரியும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். சேவலை யார் வாங்குவார்கள்? கூவும், ஒன்றோடொன்று சண்டை போடும், குடியிருப்புப் பகுதியில் வைத்திருக்க முடியாது. முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவதுதான் உலகம் முழுக்க நீண்ட கால வழக்கம். ஜெர்மனி 2022இல்தான் அதற்குச் சட்டப்படி தடை போட்டது. வாடகைக்கு முட்டையும் கருவியும் கொடுத்து, இரண்டு வாரத்தில் குஞ்சுகளைத் திரும்ப எடுத்துப்போகும் நிறுவனங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. அப்படிப் போன குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று கேட்ட நூலகமும் பள்ளியும் எத்தனை இருக்கும்? பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ, பள்ளிகளில் முட்டை பொரிக்க வைப்பதை ஊக்குவிப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று. அடைக்கோழி வெறும் சூடு கொடுக்கும் கருவி அல்ல. பொரிவதற்கு முன்பே அது மெல்லிய குரலில் கொக்கரிக்கும், உள்ளேயிருந்து குஞ்சு பதில் குரல் கொடுக்கும். பொரிந்த குஞ்சு தாயின் இறக்கைக்குள் ஒடுங்கும், தாய் கொத்திக் காட்டுவதைப் பார்த்துத் தானும் கொத்தும். பிளாஸ்டிக் பெட்டியில் தாயில்லாமல் பிறந்து, பளிச்சென்ற விளக்குக்குக் கீழே, சுற்றிலும் முகங்கள் அழுத்திப் பார்க்க வளரும் ஒரு உயிரிடமிருந்து குழந்தைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? உயிர் என்பது நமக்குக் காட்சிப் பொருள், பார்த்து முடித்ததும் வேறு யாரோ எடுத்துப்போவார்கள் என்பதைத்தான்.

கோழி வளர்ப்பவர்

நண்பர் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். முட்டை வைப்பதற்கு முன்பே குஞ்சுகள் போகும் இடம் முடிவாகவில்லை என்றால், நானும் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன்.

முட்டையை எந்த வளர்ப்பாளரிடம் வாங்குகிறீர்களோ அவரிடமே, "பொரிந்த அத்தனையையும், சேவல் உட்பட, நீங்களே திரும்ப எடுத்துக்கொண்டு வளர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் எழுதி வாங்குங்கள். தயங்கினால் அவரை விட்டு வேறு ஆளைப் பாருங்கள். திறந்த இடம் உள்ளவர்கள், கலப்பாகப் பறவை வளர்ப்பவர்கள் சேவலையும் வைத்துக்கொள்வார்கள். எந்தச் சூழ்நிலையிலும் பார்க்க வந்த குடும்பங்களிடம் குஞ்சைக் கொடுத்தனுப்பாதீர்கள். குழந்தை அடம் பிடிக்கும், பெற்றோர் சரி என்பார்கள். குஞ்சு பெரிதாகி எச்சம் போடத் தொடங்கியதும் அது தெருவுக்கு வந்துவிடும்.

இரண்டே முட்டை, மூன்றே முட்டை என்றும் வைக்காதீர்கள். வைத்த எல்லாம் பொரியாது, சிலது கூமுட்டையாகும். கடைசியில் ஒற்றைக் குஞ்சு மிஞ்சினால் அது துணையில்லாமல் ஓயாமல் கத்தும். கோழி கூட்டமாக வாழும் பறவை. 8 முதல் 12 முட்டை வரை போதும்.

இரு பிள்ளைகளின் அம்மா

ஒரு சந்தேகம். என் சின்னவளுக்கு 3 வயது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். கோழிக்குஞ்சிலிருந்து நோய் வரும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, இல்லை வெறும் பயமா?

கால்நடை மருத்துவர்

உண்மைதான் அம்மா. பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும்.

பார்க்க ஆரோக்கியமாக, சுத்தமாக, பஞ்சு உருண்டையாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அது இறகுக்கும் காலுக்கும், தரைக்கும் பாத்திரத்துக்கும் பரவும். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம், சின்னக் குழந்தைகளுக்குக் கடுமையாகலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் கோழிக்குஞ்சையோ அவை இருக்கும் இடத்திலுள்ள பொருள்களையோ தொடக் கூடாது என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதே அளவு கவனமாக இருக்க வேண்டும்.

நூலகத்துக்கு என்று பார்த்தால் என் கருத்து கண்டிப்பானது: யாரும் தொட வேண்டாம். வகுப்பறையில் ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுத் தொடச் சொல்லி, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கலாம். நூலகத்தில் அந்தக் கை அடுத்த நிமிடம் படப்புத்தகத்தைப் புரட்டும், அந்தப் புத்தகம் இன்னொரு வீட்டுக்குப் போகும். கண்ணாடி வழியாகப் பார்ப்பதே போதும். உணவும் தண்ணீர்ப் புட்டியும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கருவியைச் சுத்தம் செய்யும் நீரைக் கழிவறைப் பக்கத்துத் தனித் தொட்டியில் ஊற்றுங்கள். பணியாளர்கள் தேநீர் போடும் இடத்தில் கூடவே கூடாது. உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை இருந்தால் திட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

குஞ்சுகள் பஞ்சு போன்ற துகளை உதிர்க்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதனால் பொரிந்து 2, 3 நாளுக்குள் வளர்ப்பாளரிடம் அனுப்பிவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

அறிவியல் ஆசிரியை

தொட முடியாவிட்டால் என்ன, பார்க்கவே எவ்வளவோ இருக்கிறது! பொரிகிற நாளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய 20 நாள்தான் பொக்கிஷம்.

இருட்டான ஒரு மூலையில், முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டி வைத்துப் பாருங்கள். 4ஆம் நாள் பக்கத்தில் ஒரு புள்ளியும், அதிலிருந்து எட்டுத் திசையிலும் கிளைவிடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். சிலந்தி மாதிரி இருக்கிறது என்று குழந்தைகளே சொல்வார்கள். இதயம் அதற்கும் முன்னால், 2ஆம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நாளில் கருப்பாகக் கண் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் உள்ளே கரு அசைவதே தெரியும். 2 வாரத்துக்குள் உடம்பெல்லாம் மென்தூவி முளைத்துவிடும். 18ஆம் நாள் டார்ச் அடித்தால் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை தவிர மற்றதெல்லாம் இருட்டு, அவ்வளவு இடத்தையும் குஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே முட்டைகளை வெவ்வேறு நாள்களில் திறந்து பார்த்து, வெள்ளைக்கருவுக்கு நடுவே ஒரு இரத்தப் புள்ளி துடிப்பதை எழுதிவைத்தார். அவர் முட்டையை உடைத்தார். நம்மிடம் டார்ச் இருப்பதால் உடைக்காமலே பார்க்கலாம். பழைய எகிப்தில் மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். வெப்பமானி கண்டுபிடிக்காத காலம் அது. வேலை செய்தவர்கள் முட்டையைக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம். இந்தக் கதையைச் சொன்ன பிறகு, வெப்பநிலைத் திரையில் தெரியும் 37.5ஐக் குழந்தைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

நூலகர் மேடத்துக்கு ஒரு யோசனை. இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு வையுங்கள். "இன்று நான் பார்த்தது" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம். 6 வயதுக் குழந்தை வரைந்த நரம்பும் 60 வயதுக்காரர் எழுதிய வரியும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அது கடைசியில் நூலகத்துக்குச் சொந்தமான ஒரு புத்தகமாகிவிடும்.

உயிர்நேயர்

ஆசிரியை எழுதியதைப் படித்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதியை ஒரு நல்ல படப்பதிவிலேயே காட்டலாமே? தாய்க்கோழி அடைகாக்கும் ஒரு கூட்டில் கேமரா வைத்து, நூலகத்தில் பெரிய திரையில் நேரலையாக ஓட விடலாம். குஞ்சு தாயோடு இருக்கும், கிருமிப் பயமும் இல்லை, சேவலை என்ன செய்வது என்ற கேள்வியும் வளர்ப்பவரோடு போய்விடும்.

அறிவியல் ஆசிரியை

திரை நல்ல வழிதான், அதை மறுக்கவில்லை. வளர்ப்பாளர் கிடைக்காத நூலகம் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் திரையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இன்றைய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அதிகம். முட்டையை யாராலும் வேகமாக ஓட்ட முடியாது. நேற்று வந்தபோதும் முட்டை, இன்றும் அதே முட்டை, நாளைக்கும் வந்து பார்க்க வேண்டும். 20ஆம் நாள், ஓடு உடைவதற்கு முன்பே, கருவிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் உள்ளேயிருந்து "கீச் கீச்" என்று கேட்கும். குஞ்சு காற்றறையைக் கிழித்து முதல் மூச்சு இழுத்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒரு அறை முழுக்க இருந்த பிள்ளைகள் தாங்களாகவே அமைதியானதை நான் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கி வழியாக அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரு பிள்ளைகளின் அம்மா

குஞ்சு பாதி வழியில் சிக்கிக்கொண்டால்? பிள்ளைகள் முன்னாலேயே செத்துப்போனால் என்ன சொல்வது?

கோழி வளர்ப்பவர்

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எல்லோரும் பதறுவார்கள், "கொஞ்சம் உரித்துவிடுங்களேன்" என்பார்கள். தொடவே கூடாது. அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. சவ்வில் ஓடும் இரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து செத்துவிடும். தயாரானதும் அலகு நுனியில் உள்ள சின்னக் கூர்முனையால் வட்டமாக ஓட்டைக் கொத்திக்கொண்டே சுற்றி வரும், பிறகு காலால் ஒரே உந்து. அந்தக் கூர்முனை சில நாளில் உதிர்ந்துவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி கருவி மேல் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் பணியாளர்களால் பதில் சொல்லி மாளாது.

வெளியே வந்ததும் ஈரமாக, சோர்ந்து, பரிதாபமாகக் கிடக்கும். குழந்தைகள் "செத்துப்போச்சா?" என்பார்கள். தூவி காயட்டும், சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். உள்ளே வாங்கிய மஞ்சள்கரு இருப்பதால் 2 நாள் வரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். எனவே மற்றவை பொரியும் வரை மூடியைத் திறக்காமல் பொறுக்கலாம்.

பிறகு சூடான பெட்டி. முதல் வாரம் 35 டிகிரி, மரச்சீவல் பரப்பு, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் கூழாங்கல். செய்தித்தாள் மட்டும் விரித்தால் வழுக்கி, கால் அகன்றுபோய்விடும். தொங்கவிடும் சூட்டு விளக்கு வேண்டாம். காகிதம் நிறைந்த கட்டடத்தில் அது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடியில் ஒடுங்கிக்கொள்ளும்படி இருக்கும் சூட்டுத் தட்டு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தாயின் வயிற்றடி போலவே வேலை செய்யும்.

அறிவியல் ஆசிரியை

இரண்டாவது கேள்விக்கு நான். பொய் சொல்ல வேண்டாம். "தூங்குகிறது", "ஊருக்குப் போய்விட்டது" எதுவும் வேண்டாம். தொடக்கத்திலேயே பலகையில் "10 முட்டை வைத்திருக்கிறோம். எல்லாம் பொரியாது" என்று எழுதிவிடுங்கள். ஒரு குஞ்சு இறந்தால், "அது வளர்ந்து முடியவில்லை, பிழைக்க முடியவில்லை" என்று குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். குழந்தைகள் அழுவார்கள், அழட்டும். மரணத்தைப் பற்றிப் பேசும் நல்ல படப்புத்தகங்கள் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். அந்த வாரம் அவற்றை எடுத்து மேசை மேல் வையுங்கள். இதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நூலகர்

எல்லோருக்கும் நன்றி. குழுவில் இதை அப்படியே படித்துக் காட்டினேன். முடிவு இது: வளர்ப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை கருவியே வாங்கப் போவதில்லை. கிடைக்கவில்லை என்றால் உயிர்நேயர் சொன்ன நேரலைத் திரை. கிடைத்தால் 10 முட்டை, தொடுதல் இல்லை, பொரிந்து 3ஆம் நாள் குஞ்சுகள் அவரிடம் போய்விடும். குஞ்சுகள் எங்கே போகின்றன என்பதை முதல் நாளே பலகையில் எழுதிவைக்கிறோம். சேவல் குஞ்சுகள் பற்றியும் சேர்த்து.

உயிர்நேயர்

அந்தப் பலகையை வைக்கிறீர்கள் என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. தாய் இல்லாமல் பிறப்பது பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். குஞ்சுகளுக்கும் இருட்டு வேண்டும். சூட்டுத் தட்டுக்கு வெளிச்சம் தேவையில்லை.

நூலகர்

கட்டாயம் செய்கிறோம். கடைசியாக ஒன்று: பொரியாமல் மிஞ்சும் முட்டைகளை எத்தனை நாள் வைத்திருப்பது? உடைத்து உள்ளே என்ன என்று பார்க்கப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள்.

கோழி வளர்ப்பவர்

23ஆம் நாள் முடியும் வரை பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். உடைத்துப் பார்ப்பது நூலகத்துக்குள் கூடாது. கெட்டுப்போன முட்டை வெடிக்கும், நாற்றம் நாள்கணக்கில் போகாது, கிருமியும் பரவும். டார்ச் அடித்துக் காட்டுங்கள்: ஒளி முழுக்க ஊடுருவினால் கருவே கூடவில்லை, சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் தொடக்கத்திலேயே நின்றுபோனது, முழு இருட்டாக இருந்தால் கடைசிக் கட்டத்தில் நின்றது. அப்புறம் இரண்டு உறை போட்டுக் கட்டி அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டு, கருவியைக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள்.